வெரோனிக்கா அக்காவின் போத்தல்கள்

முதலில் மின்விசிறி நிற்கும். பிறகு வெரோனிக்கா அக்கா வளையல்களைக் கழற்றுவார், கல்யாண மோதிரத்தைக் கழற்றுவார், முகத்துப் பவுடரை ஈரத்துணியால் துடைப்பார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். தலைமுடியை வலைத்தொப்பிக்குள் திணித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு அடுப்படிக் கதவைச் சாத்தினால், உள்ளே ஏதோ பெரிய அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு பிரஷர் குக்கர், கழுவிக் கவிழ்த்த காயா ஜாம் போத்தல்கள், கை நுழைய இரண்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. அக்கா விதை போடுகிறார். ஆர்க்கிட் விதை.

டத்தோ கிராமட் பக்கத்து அடுக்குமாடியில் சனிக்கிழமை காலைகள் இப்படித்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அக்கா சில வாரம் பிந்திப் போவதுண்டு, இதற்குப் பிந்தியதில்லை. பக்கத்து வீட்டுக் குமுதா, மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் கதவைத் தட்டமாட்டாள். ஒருமுறை விவரம் தெரியாமல் உள்ளே வந்து பேச்சுக் கொடுத்துவிட்டு, "பேசாத லா குமுதா. உன் எச்சி ஒரு துளி பட்டா ஒரு போத்தலே போச்சு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

ஆர்க்கிட் விதையைப் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்தவர்களும் தூசு என்று தட்டிவிட்டிருப்பார்கள். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும். மற்ற விதைகளைப் போல அதற்குள் சாப்பாடு கிடையாது, மண்ணில் போட்டால் பட்டினிதான். அதனால் கிறிஸ்மஸுக்குப் பலகாரம் செய்கிற அதே அகார்-அகார் கடற்பாசியில் இளநீரும் சீனியும் ஒரு சிட்டிகை உரமும் சேர்த்துக் காய்ச்சி, போத்தல்களில் ஊற்றி, குக்கரில் அவித்து ஆறவைக்கிறார் அக்கா. வெளுப்புத் தண்ணீரில் குலுக்கிய விதையைப் பெட்டிக்குள் கைவிட்டு அதன்மேல் தெளித்து மூடுகிறார். கிருமி புகுந்திருந்தால் சில நாளில் பஞ்சுபோல் பூஞ்சை படரும். போத்தலோடு குப்பைக்குப் போகும். தப்பினால் சில மாதத்தில் பச்சைப் புள்ளி தெரியும். புள்ளி இலைவிட்டு, வேர்விட்டு, கரித்துண்டு போட்ட சட்டிக்கு மாறிப் பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். "புள்ள பெத்து பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடலாம்" என்பார் அக்கா.

இந்தச் சுத்தம் அவருக்குத் தொழிற்சாலை கொடுத்தது. பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப்புத் தொழிற்சாலை ஒன்றில் இளமை முழுவதையும் கழித்தவர். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. வெளியே தெரிவது கண் மட்டும். பக்கத்து நாற்காலியில் நூர்ஜான். பேசக்கூடாத இடத்தில் இருவரும் கண்ணாலேயே பேசப் பழகிக்கொண்டார்கள். நூர்ஜான் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாளா, சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறாரா, சாப்பாட்டுக்கு மீன்குழம்பா, எல்லாம் இமை அசைவில் தெரிந்துவிடும். அந்த நாட்களில் நோன்பு மாதத்தில் நூர்ஜானின் கஞ்சி இந்த வீட்டுக்கு வரும், டிசம்பரில் இங்கிருந்து கேக் அந்த வீட்டுக்குப் போகும். இரவு வேலை முடிந்து திரும்பும் விடிகாலை பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிய தூக்கத்தைப் போல ஒரு தூக்கம் அதற்குப் பிறகு தனக்கு வாய்க்கவில்லை என்று அக்கா இன்றும் சொல்கிறார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

ஆச்சின் தெருவில் நூர்ஜானின் அத்தா, அவள் அப்பா, இருந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு ஆர்க்கிட் தொங்கியது. வெள்ளை இதழ், நடுத்தொண்டையில் மட்டும் ஊதா. அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அது பூத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டதும் நூர்ஜான் மகன் இர்வானோடு கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபோனாள். புது வீட்டில் வேலை முடியும்வரை வைத்திரு என்று செடியை அக்காவிடம் கொடுத்தாள். வேறு எதையும் யாரிடமும் அவள் ஒப்படைக்கவில்லை.

அக்கா அதைப் பார்த்துக்கொண்ட விதம்தான் வினையாகிப் போனது. வேரெல்லாம் சாம்பல் பூத்து, பாசி பிடித்து, அழுக்காக இருந்ததாம். அவர் கண்ணுக்கு அது பொறுக்குமா? பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வேரையும் வெள்ளைவெளேரென்று தேய்த்தெடுத்தார். தூசு படாமல் அறைக்குள் வைத்துச் சன்னலையும் சாத்தினார். ஆர்க்கிட் வேரின் மேல்தோல்தான் அதற்கு வாய் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தண்டு தண்டாக அழுகியது. வரும்போதே ஏதோ ஒரு தேனீயின் தயவில் பிடித்திருந்த ஒற்றைக் காய் மட்டும் கடைசித் தண்டில் நின்று முற்றியது. அந்தக் காயின் விதையைத்தான் ஈரம் இழுக்க அரிசியோடு டப்பாவில் அடைத்து, ஐஸ்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போத்தலில் போட்டுவருகிறார்.

நூர்ஜானிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கு, இன்னும் பூக்கல என்பார். வீடு சரியாகிவிட்டது, இர்வானை அனுப்புகிறேன் என்றால், இப்ப எடம் மாத்தினா வாடிடும் என்று தள்ளிப்போடுவார். அதே பூ ஒன்று மட்டும் பூத்துவிட்டால் போதும், ஒன்றும் தெரியாதது போலக் கொடுத்துவிடலாம் என்ற நப்பாசை. ஆனால் விதையில் வருகிற ஆர்க்கிட் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. முதல் மொட்டு விரிந்தது, இளஞ்சிவப்பு. அடுத்தது ஊதாக் கோடு. இன்னொன்று வெள்ளைதான், தொண்டை மஞ்சள். அந்தத் தேனீ எந்த வீட்டு வாசலில் மேய்ந்துவிட்டு வந்ததோ. அக்கா ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்பார். அப்படித் தள்ளப்பட்ட பூக்களால் அந்த மாடியின் நடைபாதை முழுவதும் நிறைந்து கிடக்கிறது. குமுதாவுக்கு மட்டும் நான்கு சட்டி.

போன மாதம் நூர்ஜான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நகரத்தில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் இர்வானைக் கீழே காரில் இருக்கச் சொல்லிவிட்டு, முட்டிவலியோடு மேலே வந்துவிட்டாள். அது சனிக்கிழமை. அக்கா தொப்பியும் முகக்கவசமுமாகக் கதவைத் திறந்தார். கண்ணைப் பார்த்ததுமே நூர்ஜானுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அத்தா செடி எங்கே என்று கேட்டாள்.

சன்னலோரம் ஒரு சட்டி இருந்தது. அந்த வாரம்தான் பூத்தது. வெள்ளை, தொண்டையில் ஊதாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு நிறம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நெருங்கி வந்தது அது ஒன்றுதான். கையை நீட்டினால் போதும். அக்காவின் கையும் பாதி நீண்டது. பிறகு கீழே இறங்கியது.

"செத்துப் போச்சு நூரு. வந்த வருஷமே. நான்தான் கழுவிக் கழுவிக் கொன்னுட்டேன். இங்க இருக்கறதெல்லாம் அது போட்ட புள்ளைங்க."

நூர்ஜான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நீ பேசாமப் போயிடுவியோன்னு பயம் என்றார் அக்கா, முகக்கவசத்தைக் கழற்றாமலே. நூர்ஜான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதது அத்தாவுக்கா, செடிக்கா, இத்தனை வருஷப் பொய்க்கா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. நூர்ஜான் எழுந்து நடைபாதைக்குப் போய்ச் சட்டி சட்டியாகக் குனிந்து பார்த்தாள். அக்கா பின்னாலேயே அந்த வெள்ளைப் பூச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, இதுதான் கிட்டத்தட்ட அதே மாதிரி, இதையாவது எடுத்துக்கொள் என்று கெஞ்சாத குறையாக நின்றார்.

நூர்ஜான் நின்றது படிக்கட்டு மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்த கருஞ்சிவப்புப் பூவுக்கு முன்னால்.

"எனக்கு எங்க அத்தா மூஞ்சியா இருக்கு, சொல்லு? அதுக்காக நான் அவரு மக இல்லயா?" என்றாள். பிறகு, "இதக் குடு. அவரும் இப்படித்தான், ஒரு நாளும் நேரா நின்னதில்ல."

லிப்டில் இறங்கும்போது சட்டியை அக்காதான் சுமந்தார். கீழே இர்வான் இரட்டை விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருந்தான். நூர்ஜான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அக்கா சட்டியை அவள் பக்கத்தில் வைத்து, பாலத்தில் காற்று அடிக்கும், மெதுவாக ஓட்டு என்று இர்வானிடம் சொன்னார். இருக்கைப் பட்டையை இழுத்து, பூந்தண்டு நசுங்காமல் சட்டியைச் சுற்றிப் பூட்டினார். அப்படியே எட்டி, நூர்ஜானின் பட்டையையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.