ஆந்திராவுக்குப் போன புயல்

புயல் என்றால் எங்கள் வீட்டில் முதலில் டிவியைத்தான் போடுவோம், அதுவும் சென்னைச் சேனலை. விஜயபுரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் எங்கள் ஊர்; வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டு ஆந்திரா, ஓட்டு ஆந்திரா, ஒரே மகளான நான் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம். ஆனாலும் மழைச் சேதியைத் தமிழில் கேட்டால்தான் எங்களுக்கு நம்பிக்கை வரும். போனில் தெலுங்கில் வருகிற எச்சரிக்கையை நைனா, கடன் வேண்டுமா என்று கேட்கிற மெசேஜோடு சேர்த்து அழித்துவிடுவார்.

நைனா, அதாவது என் அப்பா, பாதி ஆயுசை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே தீர்த்தவர். அப்புறம்தான் இரண்டு கறவை மாடு பிடித்தார். ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் பால் வாங்க வந்தபோது ‘இன்னாப்பா’ என்றார்கள். அந்த ஒரு ‘ப்பா’வுக்காக அவர் விடியலில் எழுந்து சாணி அள்ளினார். மாடு போனால் அதுவும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் புயல் வருகிறது என்றதும் ஏற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை நாங்கள். அரிசியைப் பரணில் ஏற்றினோம். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டினோம். நாயுடுபேட்டையில் நான் வேலை செய்த கம்பெனி லீவு விட்டிருந்ததால் நானும் கூட இருந்தேன். மாட்டுக் கொட்டகை ஓடையோரத்தில், தாழ்வான இடம். மாடுகளை மேட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டினோம். அதில் ஒன்று நிறைமாதச் சினை. சிமெண்ட் தரை வழுக்கியதால் அது படுக்கவே இல்லை. வயிற்றைச் சுமந்துகொண்டு நின்றபடியே எங்களைப் பார்த்தது. நைனாவால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. டிவி பார்க்க வீட்டுக்கு வந்தோம். “புயல் ஆந்திராவை நோக்கி நகர்ந்தது. தமிழகத்துக்கு ஆபத்து நீங்கியது” என்று சொன்னார்கள். நைனா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பூடுச்சி! ஆந்திராவுக்குப் பூடுச்சி! நாம தப்பிச்சோம்.”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆந்திரா என்றால் எங்களுக்கு விஜயவாடாவோ காக்கிநாடாவோ, எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஊர். நாங்கள் உட்கார்ந்திருந்த தரையும் அதுதான் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மாடுகளை அவிழ்க்கப் போனபோது பள்ளிக்கூடத்தில் காவலுக்கு இருந்த பஞ்சாயத்து ஆள் தடுத்தார். “இங்கா தக்கலேது, கிந்திகி போவத்து.” இன்னும் அடங்கவில்லை, கீழே போகாதே என்கிறார். நைனா சிரித்தார்.

“டிவியிலயே சொல்லிக்கினு கீறான் சார். சினை மாடு, நின்னுக்கினே கீது. வைக்கோல்ல படுக்கட்டும்.”

கொட்டகையில் புது வைக்கோல் பரப்பினார். மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று முளையை இன்னும் ஆழமாக அடித்து, நைலான் கயிற்றில் கட்டினார். சினை மாடு பெருமூச்சு விட்டுப் படுத்தது. நைனா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே ரொம்ப நேரம் அங்கேயே இருந்தார்.

விடிந்தும் விடியாத நேரத்தில், மலையில் பெய்த மழைக்கு, ஊருக்கு மேலே இருந்த ஏரி உடைந்தது. எதிர்வீட்டு மாடிக்கு ஓடத்தான் எங்களுக்கு நேரம் இருந்தது. மாடுகள் கத்தின. நைனா படியில் இறங்க, நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். “உடுமே, உடு!” என்று அம்மாவை உதைத்தார். கத்தல் நின்ற பிறகுதான் அவர் கை தளர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். ஒரு மாடு கயிறு அறுந்து வேலிகாத்தான் புதரில் கிடந்தது. சினை மாடு கட்டின இடத்திலேயே இருந்தது. முளை அசையவே இல்லை. நைனா கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு, “எழுந்திரு” என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

எனக்கு டிவி மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்ன சேதி. சொன்னதில் பொய்யும் இல்லை. வேலி தாண்டி ஒட்டுக்கேட்கச் சொல்லி யார் எங்களை அழைத்தார்கள்? எங்களுக்கென்று சொன்ன பஞ்சாயத்து ஆளைப் பார்த்து நைனா சிரித்துவிட்டல்லவா வந்தார்.

நிவாரணமாக அரிசி வந்தது, பருப்பு வந்தது, தார்ப்பாய் வந்தது. மாடு போனதற்கும் ஏதோ பணம் கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு கன்றாவது பிடிக்கலாம் என்று அம்மா தினமும் சொன்னாள். நைனா தலையாட்டுவார், சந்தைக்கு மட்டும் போகமாட்டார். திரும்பவும் கூலிக்குப் போனார். ஊரில் அந்த ‘ப்பா’ எப்போது உதிர்ந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி புயல் என்றார்கள். ஆட்டோவில் மைக் கட்டித் தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனதை நைனா கடைசி வார்த்தை வரை கேட்டார். அம்மா மூட்டை கட்டிவிட்டாள்.

“கெளம்புய்யா, பள்ளிக்கூடத்துக்குப் போலாம்.”

“மேட்டுக்கு ஏத்த இன்னா கீது?”

“நானும் இவளும் இல்லியா?”

“நீங்க போங்க.”

அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? மூன்று பேருமே இருந்துவிட்டோம். ஓடை வழிந்து வாசலுக்கு வந்தது. முதல் படியைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, மெல்லப் பின்வாங்கியது. அம்மா திருப்பதி இருக்கிற திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள்.

நான் நைனாவைப் பார்த்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் போல, தண்ணீர் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.