பின்னால் போக வழியில்லாத பாடம்

டேப் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அந்தப் பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில், இருபத்தோரு வருஷமாக அவள் டேப் அக்காதான். கருவிகளைச் சுற்றிய ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டுவார்கள். ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்துக்குள் போய்ச் சூடு பட்டு வந்தால் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத பொட்டலத்தை யாராவது அலமாரியில் வைத்தால் அக்காவின் குரல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். ரத்தம் எந்த இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும், கத்தரியை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று காட்டுவாள். வீட்டில் தலைவலி என்று படுத்திருந்தாலும், புது ஆள் வருகிறார் என்று போன் வந்தால் எழுந்து தலை வாரிக்கொள்வாள். அவ்வளவு பிடித்த வேலை.

அந்த வேலைக்குத்தான் வேட்டு வந்தது. ஒரு திங்கட்கிழமை மேட்ரன் கூப்பிட்டார்.

"இனிமே எல்லாப் பயிற்சியும் கம்ப்யூட்டர்லதான். புது ஆள் வந்ததும் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்லணும். அந்தப் பாடத்தை நீங்களே செஞ்சு குடுத்தா நல்லது. நாலு வாரம் டைம். முடியலன்னா வெளியிலேருந்து ரெடிமேடா வாங்கிடுவாங்க."

"வாங்கிட்டா நான் என்ன பண்றது மேடம்?"

"பேக்கிங் மேசைக்குப் போயிடலாம். வேலை போகாது, பயப்படாதீங்க."

வேலை போகும் என்று அக்கா பயப்படவே இல்லை. சொல்லிக்கொடுப்பது போய்விடுமே என்றுதான் பயந்தாள். கம்ப்யூட்டரில் அவள் அதுவரை செய்தது டியூட்டி லிஸ்ட் அடித்தது ஒன்றுதான். இருந்தாலும், "செஞ்சுடறேன் மேடம்" என்று வாய் முந்திக்கொண்டது.

பழைய ஸ்ட்ரெச்சர்கள் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். பாடம் தயாரிக்கும் அந்த மென்பொருளைத் திறந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மேலே நாற்பது பட்டன், பக்கத்தில் இருபது, கீழே டைம்லைன் என்று நீளமாக ஒரு பட்டை. கற்றுக்கொடுக்கும் வீடியோவில் ஒருவர் சிரித்த முகத்தோடு, இது ரொம்பச் சுலபம் என்றார். அதற்குப் பிறகு அவர் செய்த எதுவும் அக்காவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சுலபம் என்று சொல்கிறவர்களை அவள் அன்றைக்கே வெறுக்க ஆரம்பித்தாள்.

முதல் வாரம் முழுக்க ஒரு கத்தரிப் படத்தோடு மல்லுக்கட்டினாள். படத்தை வைப்பாள், அழகாக வந்து நிற்கும், ஐந்து நொடியில் மாயமாகிவிடும். மறுபடி வைப்பாள், மறுபடி போய்விடும். கம்ப்யூட்டர் பிரிவுக்காரரிடம் போய் முறையிட்டால் அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "ஹெல்ப்ல இருக்கும், பாருங்க" என்றார். கீழே இருக்கும் டைம்லைன் பட்டையை இழுத்து நீட்டினால்தான் படம் நிற்கும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நாள் ஆனது. கண்டுபிடித்த அன்று ஸ்ட்ரெச்சர்களைப் பார்த்து உரக்கச் சிரித்தாள்.

இரண்டாவது வாரம் லேயர் என்ற ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தின் மேல் இன்னொரு பக்கம் போர்வை மாதிரி வந்து மூடும். சரியான பதிலுக்கு ஒரு போர்வை, தப்பான பதிலுக்கு ஒன்று. அக்காவின் பாடத்தில் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. 'சபாஷ், தவறு' என்று திரை சொன்னது. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளைகளை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, நாக்குத் தள்ளிப்போய் ஒரு தடவை மேசையிலேயே தலையை வைத்து அழுதும் விட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள். இவ்வளவு வருஷத்தில் எத்தனை பேரை, தெரியாது என்று சொன்னவர்களை, உட்கார வைத்து வேலை வாங்கியிருக்கிறாள்! தன்னை மட்டும் விட்டுவிடுவாளா?

மூன்றாவது வாரம் ஒருவழியாக முப்பது பக்கம் தேறியது. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமையான காரியம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்துக்குப் போக ஒரு பட்டன் தானாகவே வந்திருந்தது. அதை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, முப்பது பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவள் பிரிவில் அழுக்கு அறையிலிருந்து சுத்த அறைக்கு ஒரே வழிதான். தாண்டி வந்தவர் அதே கதவில் திரும்பக் கூடாது. பாடமும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மேட்ரன் பார்க்கப் போகிறார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரிய மகளின் லேப்டாப்பில் பாடத்தைப் போட்டுக் கணவரை உட்கார வைத்தாள். அவர் பஸ் டிரைவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிற தோரணையில் உட்கார்ந்தார். ஏழாவது பக்கத்தில் தும்மல் வந்து, தும்மிய வேகத்தில் விரல் பட்டு எட்டாவது பக்கம் வந்துவிட்டது. அங்கே ஒரு கேள்வி. ஏழாவது பக்கத்தைப் படிக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏழுக்குத் திரும்பவும் முடியாது. தப்பாகச் சொன்னால் 'தவறு' என்று வந்து அப்படியே நின்றது.

"என்னம்மா இது, ரிவர்ஸ் கியரே இல்லாத வண்டியா? இத எவன் ஓட்டுவான்?"

"திரும்பிப் போகக் கூடாதுங்க. எங்க பிரிவுல அதான் சட்டம்."

"அது கத்தரிக்கும் கத்திக்கும். நான் மனுஷன். சரி, கழுவி வந்த கத்தியில கறை இருந்தா என்ன செய்வீங்க? அப்படியே டாக்டர் கையில குடுத்துடுவீங்களா?"

"குடுப்போமா! தட்டோட தூக்கி, வெளி நடை வழியா மறுபடி கழுவுற ரூமுக்கே அனுப்பிடுவோம்."

"அப்ப அது திரும்பிப் போகுதுல்ல?"

அக்கா கழுவும் அறையை நினைத்துப் பார்த்தாள். தட்டு திரும்பிப் போனால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. திரும்பக் கழுவுவார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் முட்டி மோதி, பதில் தெரியாதவரை மாட்டிவைத்து வேடிக்கை பார்க்கிற ஒரு பாடத்தையா செய்து வைத்திருக்கிறாள்! கோபம் கணவர் மேல் வந்தது, பிறகு தன் மேல் வந்தது. அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாலு நாளில் எல்லாவற்றையும் மாற்றினாள். திரும்பிப் போகும் பட்டனை ஒரே இடத்தில் போட்டால் முப்பது பக்கத்திலும் வந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். தப்பான பதில் சொன்னால் ஒரு தட்டு வெளி நடை வழியாகக் கழுவும் அறைக்குத் திரும்புவது போலவும், பதில் உள்ள பாடப் பக்கமே மறுபடி திறப்பது போலவும் கட்டளை எழுதினாள். கூடவே தன் குரலையும் பதிந்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேட்ரன் ஒரு புது ஆளையே கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஹோட்டலில் பாத்திரம் கழுவியவராம். ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தக்குழாயைப் பிடித்துப் பூட்டும் கவ்வியை எப்படிக் கழுவுவது என்ற கேள்வியில் தடுக்கி விழுந்தார். தட்டு திரும்பிப் போனது. படித்துவிட்டு வந்தார், மறுபடி தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு. மேட்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய் அவருக்குக் காட்டிக்கொடுக்க அக்காவின் கை பரபரத்தது. நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

நாலாவது தடவை, பூட்டை விடுவித்து விரித்த பிறகுதான் கழுவ வேண்டும் என்று அவர் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை நிற்கவே இல்லை.

"உள்ள பேசறது யாரு?" என்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நான்தான்."

"'பரவால்லப்பா, திரும்பக் கழுவு'ன்னு மூணு தடவ சொன்னீங்கக்கா. இதுக்கு முன்னாடி ஒரு வேலைல, ஒரு தப்புக்குப் போட்ட சத்தத்துல மத்தியானமே ஓடி வந்துட்டேன்."

அக்கா ஹெட்போனை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"வெளியிலேருந்து வாங்க வேணாம்னு சொல்லிடறேன்," என்றார் மேட்ரன். "அடுத்த பாடமும் நீங்கதான் செய்யணும். இப்ப இவரைக் கூட்டிட்டுப் போய் நிஜமான கவ்வியைக் கையில குடுங்க."

கழுவும் அறையில் அக்கா அவருக்குக் கையுறை மாட்டிவிட்டாள். தட்டிலிருந்து ஒரு கவ்வியை எடுத்து நீட்டினாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பூட்டை விடுவித்து, கவ்வியை முழுசாக விரித்து, பல் இடுக்குகளில் பிரஷ்ஷை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அக்கா வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒன்றுமே சொல்லாமல் நிற்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.