ஐந்தாவது மாடியில் ஒரு கப்பல்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் ‘இன்னொருதடவை’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் முடிந்து மற்றவர்கள் ஸ்பேனரைப் பைக்குள் போட்ட பிறகும் இவர் மட்டும் நகரமாட்டார். “இன்னொரு தடவை மேல போய்ட்டு வரட்டும்” என்பார். அது போய்வந்ததும் மறுபடி, “இன்னொரு தடவை.” கூட இருப்பவர்கள் பசியோடு முறைப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், “சரி” என்று தலையாட்டிவிட்டு, நேராகப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். பதினேழு வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத்தான் யாரும் பட்டம் எதுவும் தரவில்லை.

ஒரு துணிக்கடை திறப்பு நாளன்று, பிரேக் பிடிக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வருகிறது என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வாசலில் கூட்டம். கடை முதலாளி கத்துகிறார், இவருடைய மேனேஜர் போனில் கத்துகிறார். “ஒரு கையெழுத்துதானய்யா!” என்றார்களாம். “என் கையெழுத்த நம்பித்தான் சார் ஜனங்க ஏறுவாங்க. பாக்காம போடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாராம். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமையை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அவ்வளவுதான், கையில் பிடிக்க முடியாது.

இந்த மனிதருக்குத்தான் கப்பல் ஆசை வந்தது. நாங்கள் வெளியே கிளம்பிய நாளிலெல்லாம் எங்காவது ஒரு லிஃப்டில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அதனால் சொகுசுக் கப்பல் விளம்பரத்தைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். “நடுக்கடல்ல என்னை யாரும் கூப்பிட முடியாது பாரு.” நாலு பகல், மூன்று ராத்திரி. அவர், நான், பதினைந்து வயது மகள், எழுபத்தெட்டு வயது மாமனார். நாலு பேரும் ஒரே கேபினில்.

மகள் எடுத்த எடுப்பிலேயே கேட்டது, “நெட் வருமா?” வராது என்றதும் முகம் சுண்டைக்காய் அளவு ஆனது. ஆனால் ஆச்சரியமாக, “தாத்தா வந்தா நானும் வர்றேன்” என்றாள். மாமா, “நான் வரலடா, நீங்க போய்ட்டு வாங்க” என்றார். முப்பது வருடம் சோப்பு ஃபேக்டரியில் பெட்டி கட்டியவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

“வாந்தி வரும்னு பயமா மாமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

“தண்ணின்னா பயம் அவருக்கு” என்று இவர் தீர்ப்பு எழுதிவிட்டார். “சோதிச்சுப் பாக்காத எதுவும் பயமாத்தான் இருக்கும். நான் பாத்துக்கறேன்.” தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அன்றிலிருந்து நாலு மாதம் எங்கள் வீட்டில் கப்பல் பேச்சுதான். மாமா வாரத்துக்கு ஒருமுறை “நான் வரலடா” என்பார். இவர் வாரத்துக்கு ஒருமுறை “எல்லாம் வரலாம்” என்பார்.

டிக்கெட் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. வயதானவர்களுக்கு உடல்நிலைப் பக்கம் தனியாக. நெஞ்சுவலி உண்டா, சர்க்கரை உண்டா, சமீபத்தில் கீழே விழுந்தாரா. கடைசியில் ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் நினைவுத் தடுமாற்றம், வழி தெரியாமல் போவது உண்டா? உண்டு என்றால் கப்பலில் ஏற்றிக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். இவர் வரிசையாக ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போனார். மாமா குளித்துக்கொண்டிருந்ததால், அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இவரே மாமா பெயரைப் போட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஊரான் லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடாத மனிதர் சொந்த அப்பாவுக்கு இப்படிப் போடுகிறாரே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதை அனுப்பக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. இவர் அனுப்பாமல் வைத்திருந்தார். வெள்ளோட்டம் பார்த்துவிட்டு அனுப்புவாராம்.

வெள்ளோட்டம் என்றால் விளையாட்டில்லை. சனிக்கிழமை காலையிலேயே ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் தரையில் கேபினை வரைந்துவிட்டார். ஐந்து தப்படி நீளம், மூன்று தப்படி அகலம். இங்கே கட்டில், இங்கே மேல்கட்டில், இந்த அலமாரி அளவுதான் பாத்ரூம். “மத்தியானம் வரைக்கும் யாரும் கோட்டத் தாண்டக் கூடாது.” நான் சமையலறைக்குப் போகவே ஒரு தடவை அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. மகள் ‘மேல்கட்டில்’ என்று சொல்லப்பட்ட டைனிங் டேபிளில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மாமா கோட்டுக்குள் நாற்காலி போட்டு, கப்பல் படம் போட்ட தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். அந்தத் தாள் இத்தனை நாள் அவருடைய தலையணைக்கு அடியில் இருந்ததென்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

டேப் ஒட்டிய கையோடு வாசல் பக்கம் போனவர், பிளேடோடு திரும்பினார். எங்கள் கதவில், காலிங் பெல்லுக்குக் கீழே, மகள் ஒரு பச்சைத் தவளை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். உள்ளங்கை அகலம், உப்பலாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். எடு எடு என்று இவர் பல மாதம் கத்தியும் எடுக்கவில்லை. அன்று தானே சுரண்டிக் குப்பையில் போட்டார். மகள் அப்போது குளிக்கப் போயிருந்தாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு இவருடைய போனில் சங்கு ஊதியது. கப்பலில் ஏறியதும் இப்படி ஊதுவார்களாம், எல்லாரும் கூடும் இடத்துக்குப் போக வேண்டுமாம். லிஃப்ட் கூடாது, படிதான். ஐந்து மாடி இறங்கி வாசலில் நின்றோம். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே இறங்கினார்.

“பிரமாதம். இப்ப ஒவ்வொருத்தரா தனியா கேபினுக்குத் திரும்பணும். யாரும் யாருக்கும் உதவக் கூடாது. நான் மேல நின்னு நேரம் பாக்கறேன்.”

“தாத்தாகூட நான் போறேன்பா” என்றாள் மகள்.

“தனியான்னா தனியாத்தான்.”

மாமா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். முதலில் மகள் ஓடினாள். அடுத்து நான். மாமா கடைசி.

நான் மூச்சு வாங்க மேலே வந்தபோது மகள் கதவுக்கு முன்னால் கல்லாக நின்றிருந்தாள். “தவளை எங்கம்மா?”

“உங்கப்பா சுரண்டிட்டார். இப்ப அதுவா முக்கியம்?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. திரும்பி ஓடப் போனவளை இவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “சொன்னேன்ல, உதவக் கூடாது. அப்பாவுக்கு நல்லாத் தெரியும்.”

அவரே கதவைக் கண்டுபிடித்துப் பெல் அடிக்கட்டும் என்று எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் ஆனது. “மெதுவா வருவார்” என்றார். பதினைந்து. இவர் கதவைத் திறந்து கீழ்ப் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். மகள் அழ ஆரம்பித்திருந்தாள், ஏனென்று கேட்டால் சொல்லவில்லை. இருபது நிமிடமும் ஆனது. கீழே ஓடினேன். வாசலில் இல்லை. காவலாளியிடம் கேட்டால், “பெரியவர் வெளிய போகலையேம்மா. மொட்டைமாடில டேங்க் கழுவுறாங்க, கதவு திறந்திருக்கு. அங்க போய்ட்டாரோ?” என்றார்.

எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்கப்புறம் நான் எப்படிப் படியேறினேன் என்று எனக்கே நினைவில்லை. நான் கத்தியதைக் கேட்டு, எனக்கு முன்னால் இவர் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார். “அப்பா! அப்பா!” லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று இவர் எங்களுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அன்று அவர் குரல் அப்படித்தான் இருந்தது.

எட்டாவது மாடி. மொட்டைமாடிக்குப் போகும் கதவு விரியத் திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய கதவில் மாமா நின்றிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காலிங் பெல்லுக்குக் கீழே விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு நாலு கதவு, எல்லாம் ஒரே பழுப்பு. முதல் மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டே, சாத்தியிருந்த எங்கள் கதவையும் தடவிவிட்டு, ஏறி வந்திருக்கிறார்.

இவர் கத்தினார். பயம்தான் கத்தியது, அது எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியுமா? “பன்னெண்டு வருஷமா இருக்கற வீடு! சொந்த வீட்டுக் கதவு தெரியாதா உங்களுக்கு? என்ன பண்றீங்க இங்க?”

மாமா சின்னப்பிள்ளை போல விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “தவளை இல்லடா” என்றார். “எல்லாக் கதவும் பாத்துட்டேன். தவளையக் காணோம்.”

பின்னாலேயே வந்த மகள் வெடித்துவிட்டாள். “அது தாத்தாவுக்குப்பா! தாத்தாவுக்குத்தான் ஒட்டினேன்! நீங்கதான சுரண்டிப் போட்டீங்க!”

வீட்டுக்கு வந்து, டேப் போட்ட கேபினுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழெட்டு மாதமாகவாம். ஒருநாள் தாத்தா மூன்றாவது மாடியில் யார் வீட்டு வாசலிலோ நின்றிருக்கிறார். இன்னொரு நாள் தெருமுனைக் கடையிலிருந்து திரும்ப வழி தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதிலிருந்து சாயங்காலம் அவரை அவளே நடக்க அழைத்துப் போயிருக்கிறாள். வயதுப் பெண் போனை வைத்துவிட்டுத் தாத்தாவோடு நடக்கிறதே என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இதைக்கூடக் கவனிக்கவில்லையே.

மணி நாலே கால். படிவம் மேசையில் இருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்வி, அதற்கெதிரே டிக், கீழே தான் போட்ட அப்பாவின் கையெழுத்து.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?” என்றார்.

“சொன்னேனேடா” என்றார் மாமா. “வரல, வரலன்னு நாலு மாசமா சொல்லிட்டுத்தான இருந்தேன். ஏன்னு நீ கேக்கவே இல்லையே.”

இவர் படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். டிக்கெட் ஆபீசுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள். “கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’னு போட்டா என்னம்மா ஆகும்?” என்று கேட்டார்.

“டாக்டர் லெட்டர் வேணும் சார். கப்பல் டாக்டர் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வார், ஏத்திக்குவாங்கன்னு நான் உறுதி தர முடியாது. ஏத்திக்கிட்டா, ராப்பகலா ஒருத்தர் அவர் கூடவே இருக்கணும். புதுப் படிவம் கொடுக்கத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். ஆனா அவர் இடத்த வெச்சிருக்கவா, விட்டுரவான்னு இப்பவே சொல்லணும் சார். அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிருவாங்க.”

வழக்கமாக இவர் தானே பதில் சொல்லியிருப்பார். அன்று போனைக் கையில் பிடித்தபடியே மாமாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“அப்பா, உங்களுக்கு வரணும்னு இருக்கா?”

மாமா மடியில் இருந்த கப்பல் படத்தை விரலால் நீவிவிட்டார். அதில் ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“வரணும்டா” என்றார் மாமா. “ஆசையாத்தான் இருக்கு. ஆனா, கதவு தெரியாம எங்கயாவது நின்னேன்னா, எல்லார் முன்னாலயும் கத்தாத.”

இவர் மாமாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான்தான் போனை வாங்கி, “இடத்த வெச்சிருங்கம்மா. நாலு பேரும் வர்றோம்” என்றேன்.