நெல்லின் மேல் விரித்த பாய்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஓரம் பிய்ந்த கோரைப்பாய் ஒன்று சுருட்டிக் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்துதான் என் மாமியார் என்னை முதன்முதலாகப் பார்த்தார்.

சுசீந்திரத்தில் எங்கள் வயலை அறுத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த நெல்லை வாரி வந்து வீடு முழுக்கப் பரப்பினோம். எங்கள் ஒரு வருஷச் சாப்பாடு அது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தக்கலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்ததால், நாளைத் தள்ளிவைக்க அம்மாவுக்குப் பயம். வீடு கிடக்கும் கோலத்தைக் காட்டவும் வெட்கம். காலையிலேயே நெல்லின் மேல் பாய்களை விரித்து மூடிவிட்டாள். கொஞ்ச நேரம்தானே என்றாள். வருகிறவர்களோ மழையில் பஸ் கிடைக்காமல் மதியம் தாண்டித்தான் வந்தார்கள். அதுவரை, இப்போது வந்துவிடுவார்கள் என்று அம்மா ஒரு பாயைக்கூட எடுக்க விடவில்லை. கரண்டும் இல்லாததால் ஃபேனும் ஓடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பாயை உள்ளங்கையால் தடவினார்.

"என்ன மைனி, பாய் சுடுது?"

காப்பித் தட்டோடு நின்ற எனக்கு, இதுவும் போயிற்று என்றே தோன்றியது. அவர் எழுந்து பாயின் நுனியைத் தூக்கினார். உள்ளேயிருந்து குப்பென்று ஆவி வந்தது.

"நனைஞ்ச நெல்லை மூடிப் போட்டா சூடேறி முளைச்சிராதா மைனி? எங்க வீட்லயும் நெல்லுதான கெடக்கு. எங்ககிட்ட என்னத்துக்கு வெக்கம்?"

பாய்களை உருவி எறிந்துவிட்டு, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறத் தொடங்கினார். மகனைப் பார்த்து, "ஏலே மக்கா, பேன்டைச் சுருட்டிட்டு எறங்கு" என்றார். பிறகு என்னிடம், "ஏட்டி, தட்டை வச்சிட்டு நீயும் வா." சொந்த மகளைக் கூப்பிடுவது போன்ற அந்த 'ஏட்டி'யிலேயே என் கல்யாணம் முடிவாகிவிட்டது. நானும் மாப்பிள்ளையும் எதிரெதிர்ச் சுவரிலிருந்து கிளறிக்கொண்டு வந்தோம். நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது முகத்தை அல்ல, கால்களைத்தான். ஒரு மூலை நெல் முளைவிட்டது. மீதி தேறியது.

சீர்சாமான்களோடு அந்தப் பாயையும் மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிவரை அதில்தான் படுத்தார். அவர் இல்லாத முதல் மழைக்காலம் இது. நேற்றிலிருந்து விடாமல் பெய்கிறது. இன்று பாயை இறக்கி விரித்து, அவரைப் போலவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். சில்லென்று கிடந்தது.