பரிமளாவுக்காக ஒரு விளக்கவுரை

என் மச்சான் வீரமுத்து பாஸ்டராவதற்கு முன்னால் அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. சிறுவாச்சூரில் ஹைவேயை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டுச் சபை நடத்தினார். என் அக்கா பரிமளா அவரைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நான் பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டு, சாமி கும்பிடுகிறவனாகவே இருந்துவிட்டேன். மதத்தால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் அவருடைய புத்தகங்களால்தான்.

வேத விளக்கவுரைகள் மேல் மனுஷனுக்கு அப்படி ஒரு பைத்தியம். தான் சொன்னால் அது மூட்டை தூக்கியவன் பேச்சு, அச்சில் இருந்தால்தான் எடுபடும் என்று நம்பினார். புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு வழி வைத்திருந்தார். எந்த விளக்கவுரையை எடுத்தாலும் ஒரே இடத்தைத்தான் புரட்டுவார். பைபிளில் அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் கெஞ்சி, அது எடுக்கப்படாமலே போன இடம். அங்கே எழுதியவர் நழுவுகிறாரா, நின்று பதில் சொல்கிறாரா என்று பார்ப்பார். நழுவினால் அந்தப் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும்.

2005-ல் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வெள்ளியும் திருச்சியில் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் சிறுவாச்சூர் காளியம்மனுக்குக் கூட்டம் வரும். பஸ்ஸில் வந்தவர்கள் இங்கே இறங்கிவிடுவதால் இவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். "ஒங்க ஆத்தா புண்ணியத்துல சீட்டு கெடைக்குது மாப்ள" என்று மச்சான் சிரிப்பார். அக்காவை மெஷினில் போட்டதும் அவர் பக்கத்துத் தெருவில் இருந்த கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய்விடுவார். ஊழியத்தையும் பாடுகளையும் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் பண்ண வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டது என்று எழுந்து சாட்சி சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாசமாம். மாயவன் என்ற மூத்த விசுவாசி, தன் முதுகுவலி அப்படித்தான் தீர்ந்தது என்று அக்காவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் எழுந்து, "கர்த்தர் எனக்குச் சொகம் குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டாள். கொட்டகை அதிர அல்லேலூயா போட்டார்கள். மச்சானும் சேர்ந்து கை தட்டியிருக்கிறார். மறுநாள் திங்கட்கிழமை என்பது அந்தப் பாவி மனுஷனுக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறவில்லை.

கேள்விப்பட்டு ஓடினேன். கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தாள்.

"கெளம்புக்கா."

"சாட்சி சொல்லிட்டேன்டா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா நான் சொன்னது பொய்யாப் போவும். என்னைப் பாத்து நம்புனவங்க என்ன ஆவாங்க?"

மச்சானைப் பார்த்துக் கத்தினேன். "நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லாமயா இருப்பேன்? பயந்துட்டீங்களாங்கிறா, மாப்ள. பாஸ்டரே பயந்தா சபை என்னாவுங்கிறா."

மறுநாள் அவரோடு நானும் திருச்சிப் புத்தகக் கடைக்குப் போனேன். அவள் கேட்கும்படி யாராவது எழுதியிருப்பார்கள் என்பதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை. ஒரு புத்தகம், முள் என்றால் நோயில்லை, எதிரிகள் என்றது. வைத்துவிட்டார். இன்னொன்று, நோய் தீராவிட்டால் மறைத்த பாவம் இருக்கும் என்றது. அதை முகம் சுளித்துக் கவிழ்த்தே வைத்தார். அடித்தட்டில் கிடந்த ஒரு மெல்லிய புத்தகம்தான் நின்று பதில் சொன்னது. கேட்டார், கிடைக்கவில்லை, அந்த நோயோடுதான் ஊழியம் செய்தார், நோய்க்கு மருந்து எடுப்பது அவிசுவாசம் ஆகாது என்று எழுதியிருந்தது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைக் கேப்பா, மாப்ள. இதைக் கட்டாயம் கேப்பா."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதைத்தான் பிரசங்கித்தார். முடிந்ததும் அக்காவை ஏற்றிவிட வாசலில் கார் நிறுத்தி, அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கே அழுகை வந்தது. மாயவன்கூட துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி முழுதும் கேட்டாள்.

"நல்லாப் பேசுனீங்க" என்றாள், எல்லோரும் போன பிறகு. "ஆனா அது பவுலுக்குங்க. அவருக்கு ஆண்டவர் முடியாதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு இன்னும் சொல்லலியே."

மச்சான் பதில் தேடி அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

"பொஸ்தகத்தை மூடுங்க மச்சான்! வந்து ஒரு கை புடிங்க!"

நானே அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "என்னைப் பொய்க்காரி ஆக்காதடா" என்று அழுதாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கையை விட்டுவிட்டேன். கார் சும்மாவே திரும்பிப் போனது.

சனிக்கிழமை விடியும்போது அவளுக்கு நினைவில்லை. அப்போதுதான் எங்களால் தூக்க முடிந்தது. பாடாலூர் தாண்டுவதற்குள் என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்தின்போது மாயவன், "ஆண்டவர் அவங்களுக்கு முழுச் சொகம் குடுத்துட்டாரு" என்றார். அடிக்கப் பாய்ந்தேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சபையை அவர் விடவில்லை. திங்கட்கிழமை திருச்சிக்குப் போவதையும் விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து காயில் கம்பி வாங்கத் திருச்சிக்குப் போனபோது, அந்தப் புத்தகக் கடைக்குள் அவரைப் பார்த்தேன். புது விளக்கவுரை ஒன்றில் அதே இடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னத்த மச்சான் தேடுறீங்க?"

"பவுலுக்கு என்ன சொன்னாருன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க, மாப்ள. அவகிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்னு யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு பாக்குறேன்."

அதை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.