ஜன்னல் வழியாகப் போட்ட இடம்

கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருடமும் மாலை பஸ்ஸில் நான் நின்றதே இல்லை. காரணம் என் தோழி. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பட்டுக்கோட்டை வண்டி நுழையும்போதே கூட ஓடி, கையில் கிடைத்ததை ஜன்னல் வழியாக வீசி இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிடுவாள். கைக்குட்டை, குடை, ஒருநாள் டிபன் பாக்ஸ்கூட. அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, சவூதியில் இருந்தார். வீட்டுக்கு வெளிவேலை எல்லாம் அவள்தான். அவளுக்குப் பயமே தெரியாது. எனக்கு அது மட்டும்தான் தெரியும்.

கடைசி வருடம், பிராக்டிகலுக்கு முதல் நாள் அவள் வீசியது என் தாவரவியல் ரெக்கார்டு நோட்டை. போர்டில் பட்டுக்கோட்டை என்றுதான் இருந்தது. நாங்கள் முண்டியடித்துப் படியில் கால் வைத்ததும் கண்டக்டர், "மன்னார்குடி மட்டும் ஏறு! பட்டுக்கோட்டையெல்லாம் இறங்கு!" என்று கத்தி விசில் ஊதினார். வண்டி நோட்டோடு போய்விட்டது.

ரெக்கார்டு இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அங்கேயே அழ ஆரம்பித்தேன்.

"அழுவாதடி. நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றவள், அடுத்த மன்னார்குடி வண்டியில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் நோட்டோடு நின்றாள். ஒரு மூலைகூட மடங்கவில்லை. மன்னார்குடியில் அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். "வண்டி பூரா கூட்டம்மா. ஆனா அந்த எடத்துல ஒருத்தர் உக்காரல. யாரு கேட்டாலும் பக்கத்துல இருந்தவங்க ஆள் வருது, ஆள் வருதுன்னே மன்னார்குடி வரைக்கும் ஓட்டிட்டாங்க" என்றாராம். "அதான் வந்துட்டேனே" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்று நான் தாவரவியல் ஆசிரியை.

போன மாதம் பழைய மாணவியர் கூட்டம். எல்லோரும் கேன்டீன் போண்டாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் போன் செய்தாள். "ஒரத்தநாட்டுலயே வண்டி நிக்குதுடி. எடம் போட்டு வை."

வாழ்க்கையில் முதல்முறையாக நான் இடம் போட்டேன். முன்வரிசை நாற்காலியில் என் கைப்பை. அரங்கம் நிரம்பியது. மூன்று பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தவர் எங்கள் பழைய பிரின்சிபால். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அந்தக் காலத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன்.

"இது யாருக்கும்மா?"

எழுந்து என் நாற்காலியை அவருக்கு விட்டேன். பையை மட்டும் எடுக்கவில்லை.

"ஆள் வருது மேடம்."