மஸ்கட்டில் பேசி ஆவடியில் பார்த்த கார்

போன வருஷம் ஆடி முடிந்து, ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் நடந்த விஷயம் இது. நான் அம்பத்தூர் மேனாம்பேட்டுக்காரி. அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பல வருஷம் பேக்கிங் வேலை பார்த்து, ஒரே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். அவள் இப்போது மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் பூந்தமல்லி பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போகும்போது மனுஷன் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போதுதான் துவண்டு போவார். ஆட்டோ குலுக்கலில் தலை சுற்றும், வாந்தி வரும், என் தோளில் சாய்ந்துகொண்டு கண்ணைத் திறக்காமல் வருவார். ஒருநாள் வழியில் ஆட்டோவை நிறுத்தி, ரோட்டோரமாக அவருக்கு முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மகள் வீடியோ காலில் வந்துவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், அப்பாவுக்கு ஒரு கார் வாங்குவதென்று.

பழைய வண்டி போதும் என்று நான்தான் சொன்னேன். அவள் அங்கே இருந்துகொண்டே போனில் தேடினாள். ஆவடியில் ஒன்று கிடைத்தது. போட்டோ வந்தது, வீடியோ வந்தது, பேப்பரெல்லாம் வந்தது. பேசி முடித்து முன்பணமும் அனுப்பிவிட்டாள். கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவள் ஆவடியில் நிற்கிற காருக்குள்ளே எட்டிப் பார்க்கிறாள்! கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடாதவள் நான். எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "நீ நேர்ல பார்த்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, மீதியை உடனே அனுப்பிடறேன்" என்றாள். அவ்வளவு பெரிய விஷயத்தை என் ஒரு வார்த்தையில் விட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கார் வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரி ஆரத்தி கரைத்து வைக்கிறேன் என்றாள்.

எங்கள் தெருவில் கால்டாக்சி ஓட்டுகிற ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஆயா, வண்டிய நான் பாத்துக்கறேன். ஆளுங்கள நீ பாத்துக்கோ. ரெண்டுல எது ஓட்டையா இருந்தாலும் திரும்பிடலாம்" என்றார்.

வண்டிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். இன்னும் கொஞ்ச நாளில் ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போகிறார்கள். அதனால்தான் விற்கிறார்களாம். வாசலில் வெள்ளைக் கார், குளித்துவிட்டு நிற்கிற மாதிரி பளபளவென்று நின்றது. அவர் சம்சாரம், ஐம்பது வயது இருக்கும், மோர் கொண்டுவந்து கொடுத்து, "வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல இதக் குடிங்கம்மா" என்றாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். "வண்டி பூ மாதிரி கீது ஆயா. யோசிக்காத, எடுத்துக்கோ" என்றார். மகளும் போனில் வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் காட்டினேன். சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்கினால், அது சைக்கிளாக இருந்தாலும், கொடுக்கிற வீட்டுப் பெண்தான் கற்பூரம் ஏற்றி, தன் கையால் சாவி கொடுக்க வேண்டும். மனசு நிறைந்து கொடுத்த வண்டிதான் தங்கும் என்பார்கள். அதற்கப்புறம்தான் பணம். நான் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து, தீப்பெட்டியை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"நீயே ஏத்திக் குடும்மா. எங்க ஊட்டு ஆம்பளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வண்டி இது. மனசார அனுப்பி வை."

"ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். மகள் விலை பேசினபோது இதையெல்லாம் சொல்லியிருக்கவில்லை. நான் டயாலிசிஸ் விஷயத்தைச் சொன்னேன். திரும்பி வரும்போது அவர் படுகிற பாட்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு குச்சியைக் கிழித்தாள். அது விரல் வரைக்கும் எரிந்துகொண்டு வந்தது. கற்பூரத்தின் பக்கம் கொண்டுபோகவே இல்லை. உதறிப் போட்டுவிட்டாள்.

"ஏட்டி, ஏத்து. நேரமாவுதுல்லா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

அவள் தீப்பெட்டியை வண்டி மேலேயே வைத்துவிட்டாள். "என்னால ஏத்த முடியாதும்மா. இது வெள்ளத்துல நின்ன வண்டி."

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஊரே மூழ்கிய அந்தப் பெருமழையில் சீட்டுக்கு மேலே தண்ணீர் ஏறி நின்றதாம். அவள் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "அதான் ஒர்க் ஷாப்புல விட்டு எல்லாம் சரி பண்ணியாச்சுல்லா? இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

"சரி பண்ணுனோம். ஆனாலும் மழை விழுந்தா நடுரோட்டுல நின்னுருதே? போன மழைக்கு நாம ரெண்டு பேரும் தள்ளிட்டு வரலையா? நாம தள்ளிருவோம். அந்த ஐயாவ உள்ள படுக்க வச்சுக்கிட்டு இந்தம்மா தள்ளுவாவளா?"

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் ஏமாந்தோமே என்கிற கோபம். "நல்லா பாலீஷ் போட்டு வெச்சிகினு, போட்டோ புட்ச்சிப் போட்டீங்களே, அதுல இந்தத் தண்ணியக் காட்லியே!" என்றார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் என் வாயாலேயே சரி என்று சொல்லியிருப்பேன். என் கையிலிருந்த போனில் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள், "அக்கா, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அந்த அம்மா முந்தானையை எடுத்து, நான் வண்டிக்கு வைத்த பொட்டைத் துடைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "உட்டுடும்மா. சுமங்கலி நீ, உன் கையால பொட்டழிக்கக் கூடாது" என்றேன். அப்போதுதான் எனக்கு அவள் பக்கம் தெரிந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டும், வண்டியை விற்றாக வேண்டும், புருஷன் மானமும் போகக் கூடாது. இதையெல்லாம் யோசிக்க அந்தக் குச்சி எரிகிற நேரம்தான் அவளுக்கு இருந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, தானாகவேதான் சொன்னாள்.

கிளம்பலாம் என்று செருப்பைப் போட்டேன். அவள் வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "மன்னிச்சுக்கிடுங்கம்மா. பின் லைன்ல என் கூட வேல பாக்கவரு ஒரு வண்டி விக்காரு. பழசுதான். கலரும் பாக்க நல்லாருக்காது. ஆனா வெள்ளத்தன்னைக்கு அது மேம்பாலத்து மேல நின்னுச்சு, நானே பாத்தேன். என் வண்டியையும் அங்க கொண்டு விடச் சொன்னாரு. இங்கெல்லாம் தண்ணி வராதுன்னு நான்தான் வீம்பா இருந்துட்டேன்" என்றார். முன்பணத்தை அங்கேயே மகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, வெயிலில் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அந்த வண்டி காய்ந்த புளி நிறம். மகள் இந்த முறை அதன் சொந்தக்காரரிடம் போட்டோ கேட்பதற்கு முன்னால், "அன்னைக்கு மேம்பாலத்துல எந்தப் பக்கம் நிறுத்துனீங்க?" என்றுதான் கேட்டாளாம். பேப்பர் வேலையெல்லாம் முடிந்து அது எங்கள் வீட்டுக்கு வரக் கொஞ்ச நாளாயிற்று.

ஆனால் அன்று வெறுங்கையோடுதான் திரும்பினேன். திருமுல்லைவாயில் வரைக்கும் டிரைவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னார், "ஆயா, அந்தம்மா எடத்துல நானா இருந்தா கற்பூரத்த ஏத்திட்டிருப்பேன்." நான் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெருவில் நுழைந்ததும் எதிர் வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு வந்து, "எக்கா, கார் எங்கக்கா? பின்னாடி தள்ளிகினு வராங்களா?" என்றாள். வேறு நாளாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்று அங்கேயே நின்று நடந்ததை முழுசாகச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வானகரம் பக்கம் முழங்கால் தண்ணீர். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன, ஆட்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். எங்கள் புளி நிறத்து வண்டி மெதுவாக ஊர்ந்து தாண்டி வந்துவிட்டது. பின்சீட்டில் அவர் நீட்டிப் படுத்து, ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார். "அந்தம்மா வாய மூடிகினு இருந்திருந்தா..." என்று, ஆஸ்பத்திரி நாளில் எங்களுக்கு ஓட்ட வருகிற அந்த டிரைவரே ஆரம்பித்தார். "ரோட்டப் பாத்து ஓட்டு நைனா" என்றேன்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த வெள்ளைக் காரை, உள்ளதைச் சொல்லியே ஒரு மெக்கானிக்கிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். எப்போதாவது அவள் போன் செய்து, "ஐயா எப்படி இருக்காவ?" என்று கேட்பாள். என்னைவிட வயதில் சின்னவள்தான். ஆனாலும் அவள் போன் வந்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன். யாரும் கேட்காதபோது, யாருக்கும் தெரியப் போகாதபோது, தனக்கு நஷ்டம் வரும் உண்மையைத் தன் வாயாலேயே சொன்ன ஒருத்தியிடம் உட்கார்ந்துகொண்டு பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை.